பொலிஸ் அதிகாரமும் பத்திரிகைச் சுதந்திரமும்: கொழும்பின் நாற்பது ஆண்டுகள்

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பேச்சு வழமையில் தணிக்கை ஆணை, பத்திரிகைத் தடை, அரச விளம்பரம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றி வரும். ஆனால் கொழும்பில் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுதியவர்களுக்கும் அச்சிட்டவர்களுக்கும் படம் பிடித்தவர்களுக்கும் நேர்ந்தவற்றை வரிசைப்படுத்தினால், அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலில் வந்து முடிகின்றன. செய்தியாளரைக் கைது செய்தது பொலிஸ். செய்தியாளர் கொல்லப்பட்டபோது கொலையாளியைத் தேடாமல் விட்டதும் பொலிஸ். காவலில் ஒருவர் இறந்தால் அதுபற்றிய முதல் தகவலை, பல வேளைகளில் ஒரே தகவலை, ஊடகங்களுக்குத் தருவதும் பொலிஸ்.

இந்த மூன்று நிலைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு நிலையத்தின் அத்துமீறலை வெளிக்கொணர வேண்டிய செய்தியாளர், தன் பாதுகாப்புக்கும் தன் செய்திக்கும் அதே நிலையத்தையே நம்பியிருக்கும்போது இரண்டும் கெடுகின்றன. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும், தமிழ் நாளிதழ்களின் அச்சகங்கள் சூழ்ந்த கொட்டாஞ்சேனைப் பகுதியிலும் இந்தப் பிணைப்பு மிக இறுக்கமாக இருந்து வந்துள்ளது.

சட்டம் தருவதும் எடுப்பதும்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை, பேச்சுக்கும் வெளியீட்டுக்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் உறுதி செய்கிறது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையை எந்த விதிவிலக்குமின்றித் தடை செய்கிறது. 13ஆம் உறுப்புரை, சட்டத்தில் கூறப்பட்ட நடைமுறையின்றி எவரையும் கைது செய்யலாகாது என்கிறது. இவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் 14ஆம் உறுப்புரை தரும் வெளியீட்டுச் சுதந்திரத்தைத் தேசிய பாதுகாப்பு, இன, மத நல்லிணக்கம் ஆகிய காரணங்களுக்காகக் கட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடமளிக்கிறது.

பொலிஸ் சேவையின் அடிப்படைச் சட்டம் இவற்றைவிட நூறாண்டுக்கு மேல் பழையது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், குடியேற்ற ஆட்சி தனக்குக் கீழ்ப்படிந்த மக்களிடையே ஒழுங்கைப் பேணுவதற்காக ஆக்கியது. திருத்தங்கள் பல வந்தபோதும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைப் பொலிஸார் கேட்டுப் பெற வழி செய்யும் அதன் 76ஆம் பிரிவு, போர்க்காலக் கொழும்பில் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமானது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் நிரப்பப்பட்ட 'பொலிஸ் பதிவு' படிவங்களுக்கு அதுவே அடிப்படையாகக் காட்டப்பட்டது.

சாதாரணக் குற்றவியல் சட்டத்தில் இரண்டு காப்புகள் உள்ளன. பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது விதி குடியேற்றக்காலச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. ஒப்புதல் வாக்குமூலம் எப்படிப் பெறப்படும் என்பதை அறிந்தே பிரித்தானிய ஆட்சியாளரும் அந்த விதியை எழுதினர்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இரண்டு காப்புகளையும் நீக்கியது. தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டம், அமைச்சரின் ஆணையில் மும்மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அனுமதித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கலாம் என்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிறுவும் சுமையையும் கைதியின் தோளில் ஏற்றியது. இனங்களிடையே பகைமையைத் தூண்டும் சொற்களைப் பேசுவதும் எழுதுவதும் பயங்கரவாதக் குற்றமாயின. ஆசிரிய தலையங்கம் ஒன்று குற்றப்பத்திரிகைக்குள் நுழையும் வழி அங்கேதான் திறந்தது.

2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது பத்திரிகைகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் நீடிக்கிறது. குடிமக்களின் உரிமைகளைக் காக்கவென்று இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எழுத்தாளர்களைக் கைது செய்யும் கருவியாகப் பயன்பட்டது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்த வரிசையில் புதியது.

அச்சகங்களும் அடுக்குமாடிகளும்

கொழும்பின் வடபகுதி இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையின் தலைநகர். 1930 ஓகஸ்ட் 6இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்தது. 1997இல் தினக்குரல் தொடங்கியது. யாழ்ப்பாண உதயனின் சகோதரப் பத்திரிகையான சுடர் ஒளி கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் இயங்கியது. 1932இல் தோன்றிய தினகரன், லேக் ஹவுஸ் நிறுவனத்துடன் 1973இல் அரச கட்டுப்பாட்டுக்குள் போன பிறகு, தமிழரின் குறைகளை எழுதும் பொறுப்பு தனியார் நாளிதழ்களிடமே பெரிதும் தங்கியது.

தெற்கே வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தெஹிவளையும் வாசகரின் பகுதி. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்காக வந்தவர்கள் எனப் பலரும் அங்குள்ள லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கினர். அவர்களிடையே செய்தியாளர்களும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு நாளிதழ் ஒன்றில் வேலை செய்த இளைஞர், தான் தங்கும் அறைக்குப் பொலிஸ் பதிவு பெற வேண்டியிருந்தது. இரவுச் சுற்றிவளைப்பில் அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் காட்ட வேண்டியிருந்தது. மறுநாள் அந்தச் சுற்றிவளைப்பைப் பற்றியே அவர் செய்தி எழுத வேண்டும். தான் எழுதப்போகும் நிலையத்தின் தயவில் தன் இருப்பிடத்தை வைத்திருந்தவர் எவ்வளவு எழுதியிருக்க முடியும் என்பதை எந்தத் தணிக்கைச் சட்டமும் பதிவு செய்து வைக்கவில்லை.

1983இன் முன்னுதாரணங்கள்

பொலிஸ் அதிகாரி அச்சுச் சுதந்திரத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கான விடை 1983இலேயே எழுதப்பட்டுவிட்டது. 1982 டிசம்பர் 22இல் நடந்த பொதுசன வாக்கெடுப்புக்கு முன்னர், பவிதி ஹண்ட என்ற மதகுருமார் அமைப்பு எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்களை கம்பஹாவில் அச்சிட்டது. பொலிஸ் அத்தியட்சகர் உடுகம்பொல அச்சகத்துக்குச் சென்று சுமார் 20,000 பிரசுரங்களைக் கைப்பற்றினார். அமைப்பின் செயலாளர் ரத்னசார தேரர் வழக்குத் தொடுத்தார். வெளியீட்டுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 1983 பெப்ரவரியில் தீர்ப்பளித்து 10,000 ரூபா இழப்பீடு விதித்தது. அரசாங்கம் அந்தத் தொகையைத் தானே செலுத்தியது. அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது.

அதே ஆண்டு மார்ச் 8இல் கொழும்பில் மகளிர் தின ஊர்வலம் நடந்தது. இடதுசாரித் தலைவர் விவியன் குணவர்தன கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டார். அவரது உரிமை மீறப்பட்டதாக ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு இம்முறையும் பதவி உயர்வு கிடைத்தது. சில நாட்களில், தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் குண்டர் கூட்டம் திரண்டு கூச்சலிட்டது. காவலுக்கு அழைக்கப்பட்ட பொலிஸார் உரிய நேரத்தில் வரவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களும் பொலிஸ் சேவைக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. நீதிமன்றம் தவறு என்று சொல்வதால் ஓர் அதிகாரியின் பணப்பையோ பதவியோ பாதிக்கப்படாது. மேலிடம் விரும்பினால் அதுவே உயர்வுக்கு வழியுமாகும். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஊடகவியலாளர்களுக்கு நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்தப் பாடத்தையே முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

1990 பெப்ரவரி 18 அதிகாலையில், இன்டர் பிரஸ் சேர்விஸ் செய்தி நிறுவனத்தின் கொழும்புச் செய்தியாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா இராஜகிரியவிலுள்ள வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. கடத்த வந்தவர்களில் ஒருவராக மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரைத் தொலைக்காட்சியில் கண்டு அடையாளம் காட்டினார் அவரது தாயார், மருத்துவர் மனோராணி சரவணமுத்து. அந்த அதிகாரி கைது செய்யப்படவில்லை. மரண அச்சுறுத்தல் தாய்க்கும் அவருடைய சட்டத்தரணிக்குமே வந்தது. அந்த அதிகாரி 1993 மே தினக் குண்டுவெடிப்பில் ஜனாதிபதி பிரேமதாசவுடன் இறந்தார். பின்னர் வழக்குத் தொடரப்பட்ட மூன்று பொலிஸாரும் 2005இல் விடுதலையாயினர்.

கைது: ஒரு சஞ்சிகையும் ஒரு மரணவீடும்

2008 மார்ச் 7இல் கொழும்பில் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைது செய்யப்பட்டார் ஜே. எஸ். திஸ்ஸநாயகம். சண்டே டைம்ஸ் பத்திரிகையின் பத்தி எழுத்தாளரான அவர், நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி என்ற ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர். முதல் நாள் கைதான அச்சக உரிமையாளரையும் அவருடைய துணைவியாரையும் பற்றி விசாரிக்கவே அவர் அந்தப் பிரிவின் அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் குற்றச்சாட்டு எதுவுமின்றித் தடுத்து வைக்கப்பட்டார். ஓகஸ்டில்தான் குற்றப்பத்திரிகை வந்தது.

2006இல் அவரது சஞ்சிகையில் வெளிவந்த இரண்டு கட்டுரைப் பகுதிகளே வழக்கின் மையம். தமிழ் மக்களுக்குப் பாதுகாப்பு வழங்க அரசு தவறுவது பற்றியது ஒன்று. வாகரையில் பொதுமக்கள் பட்ட துன்பம் பற்றியது மற்றொன்று. இவை இனப்பகைமையைத் தூண்டுவன என்றும், சஞ்சிகைக்கு நிதி திரட்டியது பயங்கரவாதத்துக்கு உதவுவது என்றும் கூறப்பட்டது. காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் தன் விருப்பத்தின் பேரில் கொடுத்ததல்ல என்று அவர் மறுத்தபோதும் நீதிமன்றம் அதை ஏற்றது. 2009 ஓகஸ்ட் 31இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 2010 ஜனவரியில் பிணையும், மே மாதத்தில் ஜனாதிபதி மன்னிப்பும் கிடைத்தன. மன்னிப்பு அவரை விடுவித்தது. ஆனால் எழுத்தைப் பயங்கரவாதமாக்கிய சட்ட வாசகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது சம்பவம் கைதுக்கும் கடத்தலுக்கும் இடையிலான எல்லை எவ்வாறு அழிந்தது என்பதைக் காட்டுகிறது. 2009 பெப்ரவரி 26 காலை, சுடர் ஒளி, உதயன் பத்திரிகைகளின் ஆசிரியர் ந. வித்தியாதரன் கல்கிஸ்சையிலுள்ள மலர்ச்சாலை ஒன்றில் உறவினரின் இறுதிச் சடங்கில் இருந்தார். வெள்ளை வானில் வந்தவர்கள் அவரை இழுத்துச் சென்றனர். அது கடத்தல் என்றே பொலிஸ் தரப்பு முதலில் கூறியது. சில மணித்தியாலங்களின் பின்னர், கொழும்பு குற்றத் தடுப்புப் பிரிவினர் அவரைக் கைது செய்துள்ளனர் என்று நிலைப்பாடு மாறியது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டு, ஏப்ரல் 24இல் எந்தக் குற்றச்சாட்டுமின்றி விடுவிக்கப்பட்டார். சாட்சிகள் நிறைந்த பொது இடத்தில் பட்டப்பகலில் நடந்ததாலும், ஊடக அமைப்புகளும் தூதரகங்களும் உடனே குரல் எழுப்பியதாலும் அவர் உயிர் தப்பினார் என்றே சக ஊடகவியலாளர்கள் கருதினர்.

கைது செய்யும் அதிகாரி தன்னை யார் என்று சொல்ல வேண்டும், காரணத்தைக் கூற வேண்டும், குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதிகள் ஏன் உயிரோடு தொடர்புடையவை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அடையாளம் காட்டாத கைது வழமையானால், கடத்தல்காரனையும் அதிகாரியையும் பிரித்தறிய மக்களுக்கு வழியில்லை.

விசாரிக்கப்படாத கொலைகள்

அத்துமீறல் எப்போதும் தடியாகவோ விலங்காகவோ வருவதில்லை. செய்ய வேண்டிய விசாரணையைச் செய்யாமல் விடுவதும் அதிகாரத் துஷ்பிரயோகமே. தராக்கி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு அருகிலேயே கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் பாராளுமன்றத்துக்கு அண்மையில், தலங்கமப் பகுதியில் கிடந்தது. அவ்வளவு காவல் மிகுந்த இரண்டு இடங்களுக்கு இடையில் நடந்த அக்கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 29இல் சுடர் ஒளி அலுவலகத்தின் மீது கைக்குண்டு வீசப்பட்டுக் காவலாளி ஒருவர் இறந்தார். அதற்கும் எவரும் தண்டிக்கப்பட்டதில்லை.

சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலை அத்திடியவில், வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களை அவர் குறித்து வைத்திருந்த குறிப்புப் புத்தகம் பொலிஸார் கைக்குப் போன பின் காணாமல் போனது. 2018இல் ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரும் கல்கிஸ்சை நிலையத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரும் சாட்சியத்தை மறைத்த சந்தேகத்தில் கைதாயினர். இதற்கு முன்பே, நுவரெலியாவைச் சேர்ந்த தமிழ் மோட்டார் திருத்துநர் ஒருவர் இவ்வழக்கில் சந்தேகநபராகக் கைது செய்யப்பட்டு, 2011இல் விளக்கமறியலில் இறந்து போனார். 2025 ஜனவரியில் மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கச் சட்டமா அதிபர் கொடுத்த ஆலோசனை, பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் பெப்ரவரியில் மீளப்பெறப்பட்டது.

இந்த வழக்குகளைத் துப்புத் துலக்கும் ஆற்றல் பொலிஸ் சேவையிடம் இல்லாமலில்லை. 2015இன் பின் ஷானி அபேசேகர, நிஷாந்த சில்வா போன்ற குற்றப் புலனாய்வுத் திணைக்கள அதிகாரிகள், லசந்த கொலையிலும், 2008 மே மாதத்தில் கடத்தித் தாக்கப்பட்ட ஊடகவியலாளர் கீத் நொயாரின் வழக்கிலும், 2010 ஜனவரி 24இல் காணாமலாக்கப்பட்ட கேலிச்சித்திரக் கலைஞர் பிரகீத் எக்னெலிகொடவின் வழக்கிலும், கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்ட கடற்படை வழக்கிலும் முன்னேற்றம் கண்டனர். 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் நிஷாந்த சில்வா சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். ஷானி அபேசேகர பதவி இறக்கப்பட்டு, 2020 ஜூலையில் கைதாகி, ஏறத்தாழ ஒரு வருடம் விளக்கமறியலில் கிடந்தார். 1983இல் மீறியவருக்கு உயர்வு கிடைத்தது. 2020இல் விசாரித்தவருக்குச் சிறை கிடைத்தது. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள். 2025இல் அவர் மீண்டும் திணைக்களப் பணிப்பாளராக நியமிக்கப்பட்டமை இந்த வழக்குகளுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு.

சுற்றிவளைப்பும் கமராவும்

உள்ளூர் ஊடகம் தன் கடமையைச் செய்தபோது பொலிஸ் அத்துமீறலைத் தடுக்கவோ வெளிக்கொணரவோ முடிந்தது என்பதற்கும் கொழும்பில் சான்றுகள் உண்டு. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பொருட்களைக் கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றினர். 376 பேர் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போரை ஊருக்கு அனுப்புவதே நோக்கம் என்று அதிகாரிகள் விளக்கம் கூறினர். செய்தி அன்றே நாடெங்கும் பரவியது. மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. ஜூன் 10இல் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பஸ்கள் புறப்பட்ட செய்தி ஒரு வாரம் தாமதித்திருந்தால், எண்ணிக்கை 376உடன் நின்றிருக்காது.

2009 ஒக்டோபர் 29இல் பம்பலப்பிட்டிக் கடலில், மனநலம் பாதிக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் ஒருவர், கழிகளால் அடிக்கப்பட்டு, கைகூப்பிக் கெஞ்சியபடியே மூழ்கி இறந்தார். அருகிலிருந்த கட்டிடமொன்றிலிருந்து ரி.என்.எல். தொலைக்காட்சியின் கமரா அதைப் பதிவு செய்தது. அன்று கரையில் நின்று பார்த்தவர்கள் பலர், பொலிஸாரும் இருந்தனர். ஒளிபரப்பான காட்சி நாட்டை உலுக்கிய பின்னரே பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர் கைதானார். கமரா இல்லாதிருந்தால் அது கடலில் தவறி விழுந்து இறந்த சம்பவமாகச் சில வரிகளில் முடிந்திருக்கும்.

'பொலிஸார் தெரிவித்தனர்'

குற்றச் செய்தியின் மூலம் பொலிஸாகவே இருப்பது மூன்றாவது நிலை. நிலையப் பொறுப்பதிகாரியும் பொலிஸ் ஊடகப் பேச்சாளரும் தருவதே நாளிதழின் குற்றச் செய்திகளில் பெரும்பகுதி. நிலையத்தைப் பகைத்துக்கொண்ட நிருபருக்கு அடுத்த நாள் தகவல் கிடைக்காது. சம்பளம் குறைந்த, செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு பெறும் பிராந்தியச் செய்தியாளருக்கு இது வயிற்றுப் பிரச்சினை. முறைப்பாடுகளும் வாக்குமூலங்களும் பெரும்பாலும் சிங்களத்திலேயே பதியப்படுவது தமிழ்ச் செய்தியாளருக்கு மேலதிகத் தடை.

இதன் விளைவு காவல் மரணச் செய்திகளில் தெரிகிறது. 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில், பாதாள உலகத் தலைவர் எனப்பட்ட 'மாகந்துரே மதூஷ்' பொலிஸ் காவலில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைத் துப்பாக்கிச் சூட்டுக் கொலைக்காகக் கைதான இருவர், ஆயுதங்களைக் காட்ட அழைத்துச் செல்லப்பட்ட வேளையில் பொலிஸாரின் சூட்டில் இறந்தனர். இவ்வகை மரணங்களின் விளக்கம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: ஆயுதம் காட்டச் சென்ற இடத்தில் சந்தேகநபர் தாக்க முற்பட்டார், பொலிஸார் பதிலுக்குச் சுட்டனர். அந்த விளக்கம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நீதவான் விசாரணைக்கு முன்னரே அதைத் தன் சொந்தக் கூற்றுப்போலத் தலைப்பிடும் பத்திரிகை, தன் கடமையைப் பொலிஸிடம் ஒப்படைத்துவிடுகிறது.

மாறாகவும் நடந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்த வீட்டுப் பணிப்பெண்ணொருவர், மலையகப் பின்னணி கொண்ட மூன்று பிள்ளைகளின் தாய், உயிரிழந்தார். திருட்டு முறைப்பாட்டின் பேரில் அவர் கைது செய்யப்பட்டிருந்தார். தமிழ், சிங்கள ஊடகங்கள் தொடர்ந்து எழுதியதால் அது சிறு செய்தியாக மறையவில்லை. அதிகாரிகள் கைதாகி நீதிமன்றம் ஏறினர். ஏழையின் மரணத்துக்கு நீதி தேடும் வழியில் முதல் கதவு பத்திரிகையே என்பதை இந்த வழக்கு நிறுவியது.

போருக்குப் பின், போராட்டத்துக்குப் பின்

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் 2008இல் 173 நாடுகளில் 165ஆம் இடத்தில் இருந்த இலங்கை, 2025இல் 180 நாடுகளில் 139ஆம் இடத்துக்கு வந்தது. கொலைகள் நின்றுவிட்டன, அச்சுறுத்தலின் வடிவம் மாறியது. மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தன் கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2022 மார்ச் 31 மிரிஹானவில் நடந்த அரச எதிர்ப்புப் போராட்டத்தைப் பதிவு செய்த ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டனர். ஜூலை 9இல் பிரதமரின் இல்லத்தின் முன் நேரடி ஒளிபரப்பில் இருந்த நியூஸ்ஃபெர்ஸ்ட் செய்தியாளர்களை விசேட அதிரடிப் படையினர் அடித்ததை நாடே பார்த்தது. அந்த மாதம் 17இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகால ஒழுங்குவிதிகள் அடிப்படை உரிமைகளை மீறியவை என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 23இல் தீர்ப்பளித்தது.

தமிழ் ஊடகவியலாளருக்குப் பயங்கரவாத விசாரணைப் பிரிவின் அழைப்பாணை இன்னும் ஓயவில்லை. செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைத் தொடர்ந்து படம் பிடித்த கணபதிப்பிள்ளை குமணன், 2025 ஓகஸ்ட் 17இல் முல்லைத்தீவு அளம்பிலில் பல மணித்தியாலங்கள் விசாரிக்கப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கான 2022ஆம் ஆண்டின் திருத்தம், தடுப்புக் காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. வெளியீடுகளைக் கட்டுப்படுத்திய 14ஆம் பிரிவை நீக்கியது. ஆனால் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக்கும் 16ஆம் பிரிவு தொடப்படவில்லை. திஸ்ஸநாயகத்தின் வழக்கில் பயன்பட்ட கருவி அதுவே.

காப்புகளும் அவற்றின் வலுவும்

2001இல் 17ஆவது திருத்தத்தால் உருவான தேசிய பொலிஸ் ஆணைக்குழு, நியமனத்தையும் பதவி உயர்வையும் ஒழுக்காற்று நடவடிக்கையையும் அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுக்கும் நோக்கம் கொண்டது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் அதிகாரத்தைப் பறித்தது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020இல் 20ஆவது மீண்டும் குறைத்தது. 2022இல் 21ஆவது மீண்டும் கொடுத்தது. ஆட்சிக்கு ஆட்சி வளைந்து கொடுக்கும் காவலன் நெடுநாள் காக்க முடியாது. 1994ஆம் ஆண்டின் சித்திரவதைக்கெதிரான சட்டம் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை விதிக்கிறது. ஆனால் வழக்குத் தொடரும் பொறுப்பு சட்டமா அதிபரிடம் இருக்கிறது, விசாரணையோ பொலிஸாரிடமே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு பரிந்துரைக்க மட்டுமே முடியும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இவற்றுள் செய்தியாளருக்கு நேரடியாகப் பயன்படும் கருவி. பொலிஸ் திணைக்களமும் அதற்குக் கட்டுப்பட்டது.

அயல்நாட்டு அனுபவமும் வழி காட்டுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் டி. கே. பாசு வழக்கில், கைது செய்யும் அதிகாரி பெயர்ப்பட்டை அணிவது, உறவினருக்கு அறிவிப்பது முதலிய கட்டாய விதிகளை வகுத்தது. விதிகள் மட்டும் போதா என்பதை 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தது காட்டியது. அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் அழிந்திருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் எல்லா நிலையங்களிலும் கமரா பொருத்தவும் பதிவுகளைப் பேணவும் அந்நாட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் சந்தேகநபர் விசாரணைகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. ஒப்புதல் தானாகக் கொடுத்ததா, வாங்கப்பட்டதா என்ற சண்டைக்கு அங்கே பெருமளவு இடமில்லாமல் போனது.

முடிவுரை

கொழும்பின் நாற்பது ஆண்டு அனுபவத்தில் மாறாமல் நீடித்தது தண்டனைக்குப் பதில் உயர்வு என்ற வழக்கம். 2023 டிசம்பரில் சித்திரவதை வழக்கொன்றில் மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு செலுத்தவும் உத்தரவிட்டது. 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராக்கப்பட்டார். 1983 அப்படியே திரும்பியது. ஆனால் இம்முறை கதை அங்கே முடியவில்லை. குடிமக்களும் மதத் தலைவர்களும் ஊடகவியலாளர்களும் மனுத் தாக்கல் செய்தனர். 2024 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் அவரைப் பதவியில் செயற்படாமல் தடுத்தது. 2025 ஓகஸ்ட் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இலங்கை வரலாற்றில் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் பொலிஸ் மா அதிபர் அவரே.

இந்த ஒரு முறிவை வழக்கமாக மாற்ற, செய்ய வேண்டியவை தெளிவானவை. பயங்கரவாதத் தடைச் சட்டம், குறைந்தபட்சம் அதன் 16ஆம் பிரிவு, நீக்கப்பட வேண்டும். உரிமை மீறிய அதிகாரி இழப்பீட்டைத் தானே செலுத்துவதும், அந்தத் தீர்ப்பு அவரது பதவி உயர்வைத் தடுப்பதும் சட்டமாக வேண்டும். பொலிஸார் மீதான முறைப்பாட்டை விசாரிக்கப் பொலிஸுக்கு வெளியே ஓர் அமைப்பு வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முறைப்பாடு தமிழில் பதியப்பட வேண்டும். சிவராம், லசந்த, எக்னெலிகொட வழக்குகள் தீர்ப்பு வரை கொண்டு செல்லப்பட வேண்டும். பத்திரிகைகளின் பங்கும் உண்டு: காவல் மரணம் ஒவ்வொன்றிலும் பொலிஸ் கூற்றுடன் குடும்பத்தின் கூற்றும் சட்டவைத்திய அறிக்கையும் இடம்பெற வேண்டும், அதை எழுதும் பிராந்தியச் செய்தியாளருக்குப் பின்னால் ஆசிரிய பீடம் பெயர் சொல்லி நிற்க வேண்டும். தவறு செய்த அதிகாரி பதவியை இழப்பார் என்ற உறுதி வரும்வரை, 14ஆம் உறுப்புரை எழுதித் தந்த சுதந்திரம் கொழும்புத் தமிழ்ச் செய்தியாளருக்கு முழுமையாகக் கிடைக்கப்போவதில்லை.